கடைசிப் பந்தி

கண்ணு,

ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நீ எதிரே வந்து நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. பருப்புப் பொடி டப்பாவை எடுத்து வைத்தாயா, ஊறுகாய் மூடியை இறுக்கினாயா என்றுதான் வாய் கேட்கிறது. நீயும் "எல்லாம் வெச்சாச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நம் மோட்டார் கடையில் மத்தியானம் ஆள் வரத்து குறைவு. வேலைக்காரர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். மேசையில் கிடந்த செம்புக் கம்பிச் சுருளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதில் நல்ல வார்த்தை அதிகம் இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ முதல் தடவை கப்பலுக்குப் போனபோது நான் இவ்வளவு கலங்கவில்லை. சொந்தக்காரர்கள்தான் கலங்கினார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காட்டைத் தாண்டிக் கேரளக் கரை வரைக்கும் போக வேண்டிய ஊர் நம்முடையது. மோட்டாருக்குக் காயில் கட்டி, கிணற்றுத் தண்ணீரை மேலே இழுத்துக் கொடுத்துப் பிழைத்த குடும்பத்துப் பையன் தண்ணீர் மேலேயே போய் உட்காருகிறானே என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது சரக்குக் கப்பல். நிலக்கரியும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு போனாய். ஏதாவது ஆனால் நிலக்கரியை விட்டுவிட்டு உன்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்துவிடுவாய் என்று எனக்குத் தைரியம் இருந்தது. நிலக்கரி விருந்தாளி இல்லை. இப்போது நீ சேரப் போகிற கப்பலில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஏறுவார்களாம். குழந்தை குட்டிகளோடு, நடக்க முடியாத பெரியவர்களோடு ஏறுவார்களாம். அங்கே நீ அதிகாரி. நம் கணக்கில் சொன்னால் விருந்து வைக்கிற வீட்டுக்காரன். இந்த ஒரு வித்தியாசம்தான் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

வேலை உறுதியானதாக நீ சொன்ன அன்றிலிருந்து நான் போனில் மூழ்கிய கப்பல்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. ஒன்றைப் பார்த்தால் அந்தப் போன் அடுத்ததைத் தானே எடுத்துக் கொடுக்கிறது. டைட்டானிக்கைப் பற்றி எல்லோரையும் போல எனக்கும் கொஞ்சம் தெரியும். படகுகள் பற்றாமல் போயின என்று தெரியும். முதலில் இறக்கிய படகுகள் நிறையாமலே போயின என்பது எனக்குத் தெரியாது. இடம் இருந்திருக்கிறது, ஏறுவதற்குத்தான் ஆள் வரவில்லை. விளக்கெல்லாம் எரிந்துகொண்டு, கதகதப்பாக, மலை போல நிற்கிற கப்பலை விட்டுவிட்டு, அந்தக் குளிரில் ஒரு சின்னப் படகில் தொங்கிக்கொண்டு இறங்க யாருக்கு மனசு வரும்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

அதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். கொரியாவில் கவிழ்ந்த அந்தக் கப்பலைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா போன பிள்ளைகள். கப்பல் சாய்ந்துகொண்டே போகிறது, ஒலிபெருக்கியில் ஒரு குரல், இருக்கிற இடத்திலேயே இருங்கள், அசையாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள், வளர்த்தவர்கள் பெருமைப்படுகிற மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். கேப்டன் அதற்குள் வெளியே வந்து மீட்புப் படகில் ஏறிப் போய்விட்டார். முந்நூறு பேருக்கு மேல் போனார்கள், அதில் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இந்த மேசையிலேயே தலையைச் சாய்த்து அழுதேன். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியும் கண்ணு. அதே குரலை, வார்த்தைக்கு வார்த்தை மரியாதையோடு, உன் மாமா வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். நீயும்தான் கேட்டாய்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. இன்று பேசிவிடுகிறேன். நீ பன்னிரண்டாவது முடித்த வருஷம், என் அண்ணன் மகள் கல்யாணம், தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில். மண்டபத்தில் வைத்தால் மனசு நிறையாது என்று உன் மாமா தோட்டத்திலேயே கீற்றுப் பந்தல் போட்டார். சாப்பாட்டுப் பந்தல் நீளமாக, பின்னால் சமையல் கொட்டகை ஒட்டினாற்போல. மாட்டுச்சாளையும் எருக்குழியும் சம்பந்தி வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு பக்கமும் தட்டி வைத்து அடைத்து, மேலே சரிகைத் துணி தொங்கவிட்டிருந்தார். உள்ளே வர முன்பக்கம் ஒரு வழி, சமையல்காரர்களுக்குப் பின்பக்கம் ஒரு வழி. அவ்வளவுதான். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். நானும் சொன்னேன்.

சம்பந்தி வீட்டார் பந்தி நடந்துகொண்டிருந்தது. நீ ரச வாளியோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தாய். நாம் யாரும் சாப்பிடவில்லை. நம் வழக்கம் அதுதானே. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும். நீ சின்னப் பையனாக இருக்கும்போது பசிக்கிறது என்று என் முந்தானையைப் பிடித்து இழுப்பாய். உன் அப்பா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வந்தவீங்க சாப்புடட்டும் சாமி, நாம ஊட்டுக்காரங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் உனக்கு அதைப் பழக்கினார். பசியை அடக்கிக்கொண்டு நீ தண்ணீர் டம்ளர் வைக்கப் போவதைப் பார்த்து அவருக்கு அவ்வளவு பெருமை.

பின்னால் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. முதலில் புகை வாடைதான் வந்தது. இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உன் மாமா கைகூப்பிக்கொண்டே வரிசை வரிசையாக ஓடினார். "ஒண்ணுமில்லீங்க, அடுப்புப் பொகைதானுங்க. நீங்க உக்காந்து நல்லா சாப்புடுங்க. பாதி இலையில எந்திரிக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." மகள் கழுத்தில் தாலி ஏறின கையோடு சம்பந்தி வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனால் அந்தப் பேச்சு ஏழு ஊருக்குப் போகும் என்று அவருக்குப் பயம். தீயைவிட அந்தப் பயம்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். வீட்டுக்காரர் இவ்வளவு சொல்கிறாரே என்று கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே துணி கருகுவது தெரிகிறது, ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் வேறு எந்த ஜனமாவது அப்படி உட்கார்ந்திருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கப்பல்களைப் பார்த்த பிறகுதான், எல்லா ஊரிலும் உட்காருகிறார்கள் என்று தெரிந்தது.

நீ வாளியைக் கீழே வைத்தாய். பெரியவர், மாமாவே உட்காரச் சொல்கிறார், நீ சின்னப் பையன், கத்தினால் யாரும் கேட்கப் போவதில்லை. நீ கத்தவில்லை. முதல் வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தவரின் இலையை, சோறும் பொரியலும் இருக்க இருக்க, அப்படியே மடித்தாய். அடுத்தவர் இலையை மடித்தாய். ஒருவர் உன்னை அடிக்கக் கை ஓங்கியதைக் கூட நான் பார்த்தேன். அடுத்தவர் இலையை மடிப்பதைவிட நம் பக்கத்தில் பெரிய அவமானம் இல்லை. ஆனால் மடித்த இலைக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். கோபமாக எழுந்தார்கள், எழுந்த பிறகுதான் மேலே பார்த்தார்கள், பார்த்த பிறகு ஓடினார்கள். நீ ஓடவில்லை. அடுத்த வரிசைக்குப் போனாய். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனை பேரும் வெளியே வந்து தென்னைக்கு அடியில் எச்சில் கையோடு நின்றார்கள்.

உன் அப்பா பின்பக்கம் போய்ச் சமையல்காரர்களையும் பாத்திரம் கழுவுகிற பெண்களையும் வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். வேட்டி ஓரம் கருகியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. என் பக்கத்தில்தான் நின்றார். நான் அவர் தோளில் இருந்த சாம்பலைத் தட்டிவிட்டேன். "உள்ள ஆராச்சும் உட்டுப்போச்சான்னு ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வாரேன் அம்மணி" என்றார். நான் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் பார்க்கத்தானே வேண்டும் என்று எனக்கும் பட்டது. "சூதானமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போனார், எரிகிற பந்தல் அவர் மேல் இறங்கியது. உள்ளே யாருமே இல்லை கண்ணு. மடித்த இலைகளைப் பார்க்கப் போய் உன் அப்பா திரும்பி வரவில்லை. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டவர். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அப்படி ஒரு மனுசன் உண்டா என்றார்கள். எனக்குப் புகழ்ச்சி வேண்டியிருக்கவில்லை. கோபம்தான் இருந்தது. உன் மாமா மேல் கோபம், அதைவிட உன் அப்பா மேல் கோபம். மாமாவோடு நான் சண்டை போடவில்லை என்று உனக்குத் தெரியும். நல்லது கெட்டதுக்குப் போனேன், பேசினேன். அவர் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். வாசலில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவேன். பிறகு எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார முடியவில்லை. வரிசையாக இலை போட்டிருப்பதைப் பார்த்தாலே வாசலுக்குத் திரும்பிவிடுகிறேன். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அண்ணன் என்னைக் கேட்டதில்லை. கேட்க அவருக்கும் முகம் இல்லை.

இப்போது நான் சொல்லப் போவது எந்த அம்மாவும் எழுதி வைக்கக் கூடாதது. இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த உல்லாசக் கப்பலைப் பற்றிப் பார்த்தேன். உனக்கு அது பாடமாகவே வந்திருக்கும். கரண்டில்தான் ஏதோ கோளாறு, அறைக்குப் போங்கள் என்று அங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கேப்டன் படகில் ஏறிவிட்டார். திரும்பிக் கப்பலுக்குப் போ என்று கரையிலிருந்து ஒருவர் போனில் அவரைக் காய்ச்சி எடுக்கிறார். உலகமே அந்த ஆளைக் காறித் துப்பியது. நானும்தான் துப்பினேன், சீ என்று சத்தமாகவே சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் ஒன்று தோன்றியது. அந்த ஆளின் அம்மாவுக்குப் பிள்ளை இருக்கிறான். ஜெயிலில் இருந்தாலும் இருக்கிறான். ஊர் துப்பின பிள்ளை உயிரோடு இருக்கிறான், ஊர் கும்பிட்ட மனுசன் படமாகச் சுவரில் இருக்கிறார். எனக்கு எது வேண்டும் என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால், நான் வெட்கப்படாமல் பதில் சொல்லியிருப்பேன்.

தென்னாப்பிரிக்கா பக்கம் மூழ்கிய இன்னொரு கப்பலையும் பார்த்தேன். அங்கேயும் கேப்டன் முன்னாலேயே போய்விட்டார். பயணிகளுக்குப் பாட்டுப் பாடவும் கிடார் வாசிக்கவும் வந்தவர்கள்தான் உதவி கேட்டுக் கூப்பிட்டு, ஜனங்களை ஒவ்வொருவராக ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பினார்களாம். ஒரு உயிர் போகவில்லை. அந்த ஆட்கள் முகத்தைப் பார்க்கப் பார்க்க ரச வாளியோடு நின்ற உன் முகம்தான் வந்தது. சந்தோஷம் வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. இந்த மாதிரி ஆள் எந்தக் கப்பலில் இருந்தாலும் இதைத்தான் செய்வான், என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் உன் மாமா வந்தாரே, சின்ன மகன் கல்யாணத்துக்குச் சொல்ல. தேங்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உன்னோடு வெளியறையில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசியது எனக்குக் கேட்டது. "மாப்ள, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அந்தக் கப்பல்லயும் என்னையாட்ட ஒரு ஆளு இருப்பான். ஒண்ணுமில்ல, எல்லாரும் உக்காருங்கம்பான். பெரிய அதிகாரியா இருப்பான், நல்ல மனுசனாவும் இருப்பான். அவன் பேச்சக் கேட்டுப்போடாதீங்க." நான் டீயைக் கொண்டுவந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அவரும் அந்தப் பந்தலுக்குள்தான் இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு வருகிறேன் அண்ணா என்று சொன்னேன். சாப்பிடுவேன் என்று சொல்லவில்லை.

நேற்று உனக்குத் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏங் கண்ணு, கப்பல்ல ஒண்ணுன்னா நீ எப்ப எறங்குவே?" நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய். "எம் பொறுப்புல இருக்கறவங்கள எல்லாம் ஏத்திப்போட்டு எறங்குவேனுங்கம்மா." நான் விடவில்லை. "எல்லாரும் ஏறியாச்சுன்னு எப்படித் தெரியும்?" நீ ஒரு வாய் தோசையை மென்று முழுங்கிவிட்டு, ஏதோ கடைக்குப் போய்வருகிற மாதிரி சொன்னாய். "போய்ப் பாப்பேனுங்க." அந்தத் தோசை கருகியதற்கு நீ என்னைக் கிண்டல் செய்தாய். கருகாமல் என்ன செய்யும்? கரண்டியைப் பிடித்தபடி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். உன் அப்பாவின் குரல் கூட அதுதான்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ போவாய். யாரையும் பார்க்காமல் முதல் படகில் ஏறிவிடு என்று சொல்லவும் ஆசைதான். அப்படியும் நீ செய்ய மாட்டாய். வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் நமக்கு என்று உன்னை வளர்த்தது நானும் அவரும்தான், இப்போது என் வசதிக்கு அதை மாற்றினால் உனக்கே சிரிப்பு வரும். அதனால் அவருக்குச் சொல்லாமல் விட்டதை உனக்குச் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிட வேண்டும் என்றுதான் நம் வழக்கம். சாப்பிடாமலே போய்விட வேண்டும் என்று யாரும் வைக்கவில்லை. கடைசிப் பந்திக்கும் இலை போடுவார்கள். சோறு ஆறியிருக்கும், ரசம் அடியில் மண்டியாகக் கிடக்கும், வடை தீர்ந்து போயிருக்கும். இருந்தாலும் அது நம் பந்தி. அதில் வந்து உட்காருகிற வரைக்கும் வீட்டுக்காரன் வேலை முடியவில்லை. உன் அப்பா இதை மறந்துவிட்டார். நானும் பக்கத்திலேயே நின்று மறந்துவிட்டேன்.

மேலே இருக்கிறவன் உட்காரச் சொன்னால் உன் கண்ணை நம்பு. மரியாதை பார்க்காமல் எல்லார் இலையையும் மடி. திட்டட்டும், கை ஓங்கட்டும். எல்லோரையும் அனுப்பிவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார். நன்றாகப் பார், ஒவ்வொரு மூலையாகப் பார். அந்த ஒரு தடவைதான். இரண்டாவது தடவை பார்க்கப் போகாதே. அது கடமையில்லை கண்ணு, அது வேறு ஏதோ ஒன்று. உன் இலையையும் நீயே மடித்துக்கொண்டு எழுந்து வா. கடைசி ஆளாகவே வா, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வர வேண்டும்.

மாமா மகன் கல்யாணம் தையில். உன் ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது என்று சொன்னாய். நான் போவேன். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் பந்தி விசாரித்துக்கொண்டு நிற்பேன். கடைசிப் பந்தியில் எனக்கு ஒரு இலை, பக்கத்தில் உனக்கு ஒரு இலை போடச் சொல்லுவேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என் இலையில் பரிமாறட்டும். ஆனால் ஒன்று, நீ வந்து பக்கத்தில் உட்காருகிற வரைக்கும், யார் வந்து என்ன சொன்னாலும் சரி, நான் கை நனைக்க மாட்டேன்.

அம்மா